முகம் தெரியாத ஒருவரின் பயணக் குறிப்பால் பெருந்தொகை மிச்சமாயிற்று. அவருக்கு எப்படி நன்றி சொல்வது?

உவர்மலை மகள் எழுதியது:

வணக்கம். கடந்த ஆனி மாதத்தில் என் தந்தையாரின் மணிவிழாவுக்காகத் திருகோணமலையிலிருந்து குடும்பத்துடன் திருக்கடையூர் சென்று திரும்பினோம். அவர் 1965ஆம் ஆண்டு, விசுவாவசு வருட ஆனியில் பிறந்தவர். அறுபது வருடச் சுற்று நிறைந்து 2025 சித்திரையில் அதே விசுவாவசு மீண்டும் பிறந்தபோது, ஆனியில் அவருடைய நட்சத்திரம் வரும் நாளில் அபிராமி சந்நிதியில் இரண்டாவது தாலி ஏற வேண்டும் என்று என் தாயார் ஏற்கெனவே முடிவு செய்திருந்தார். நட்சத்திரத்தை ஒட்டிய நாள் என்பதால் முன்னே பின்னே நகர்த்த இடமில்லை. தந்தை, தாய், கணவர், ஆறு வயது மகன், நான் என்று ஐந்து பேர் போக வேண்டும்.

இங்கே விசாரித்த இடமெல்லாம் ஒரே வழியைத்தான் சொன்னார்கள்: இரவுப் பேருந்தில் கொழும்பு, கட்டுநாயக்கவிலிருந்து விமானத்தில் சென்னை, பிறகு வாடகை வானில் இருநூற்றைம்பது கிலோமீற்றருக்கு மேல் தெற்கே இறங்கித் திருக்கடையூர். மொத்தத் தொகையைக் கேட்ட தந்தையார், கோணேசர் கோயிலில் ஓர் அபிஷேகத்தோடு முடித்துக்கொள்ளலாமே என்று மெல்லப் பேச்சை மாற்றத் தொடங்கிவிட்டார்.

அந்த நிலையில்தான், 2024 செப்டெம்பரில் ஒருவர் இணையத்தில் எழுதிவைத்திருந்த குறிப்பு என் கண்ணில் பட்டது. காங்கேசன்துறைக்கும் நாகபட்டினத்துக்கும் இடையே கப்பல் 2023 ஒக்டோபரில் தொடங்கிச் சில நாட்களிலேயே நின்று, 2024 ஓகஸ்ட் 16 அன்று மறுபடியும் ஓடத் தொடங்கியது நம் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அது திருக்கடையூருக்குப் போகும் வழி என்று எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை. நாகபட்டினத்தில் இறங்கினால் நாகூர், காரைக்கால், தரங்கம்பாடி என்று கடலோரச் சாலையிலேயே ஐம்பது கிலோமீற்றருக்குள் கோயில் வந்துவிடும் என்று அவர் எழுதியிருந்தார். அதோடு நிற்கவில்லை. முதியவர்களைக் கப்பலின் நடுப்பகுதியில், சற்றுப் பின்தள்ளி அமர்த்தினால் ஆட்டம் குறைவாகத் தெரியும். ஐப்பசி, கார்த்திகை வாடைக் காலத்தில் இந்த வழியை நினைக்கவே வேண்டாம். மற்ற மாதங்களிலும் காற்று எழுந்தால் கப்பல் நிற்கும், ஆகவே விழா நாளுக்கு முன் இரண்டு நாட்களாவது கையில் வைத்துக்கொள்ளுங்கள் என்றெல்லாம், தன் வீட்டார் போகப் போகிறார்கள் என்பதுபோல எழுதியிருந்தார்.

அந்தக் கடைசி வரிதான் எங்களைக் காப்பாற்றியது. விடிகாலைப் பேருந்தில் ஹொறவப்பொத்தானை, வவுனியா வழியாக யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்த அன்று மாலையே, காற்று பலமாக இருப்பதால் மறுநாள் கப்பல் இல்லை என்று தகவல் வந்தது. கையில் இருந்த இரண்டு நாட்களில் ஒன்று நல்லூரில் உறவினர் வீட்டில் கழிந்தது. அடுத்த நாள் கப்பல் ஏறி, விழாவுக்கு முதல் நாள் மாலை நாங்கள் கோயில் வாசலில் நின்றோம். இடைவெளி விடாமல் புறப்பட்டிருந்தால் தாலியும் கூறைச் சேலையும் பெட்டிக்குள் கிடக்க, நாங்கள் காங்கேசன்துறையில் கடலைப் பார்த்துக்கொண்டிருந்திருப்போம்.

முதலில் சொன்ன வழியோடு ஒப்பிட்டால் போக்குவரத்தில் மட்டும் ஒரு லட்சத்து இருபதாயிரம் ரூபாய்க்கு மேல் மிச்சம். அந்தக் குறிப்பின் கீழ் நன்றி என்று எழுதி, கைகூப்பும் சின்னம் ஒன்றையும் போட்டேன். அதற்கு முன்பே நாற்பது பேர் அதே சின்னத்தைப் போட்டிருந்தார்கள். எனக்கு மனம் ஆறவில்லை. பணம் அனுப்பலாம் என்கிறார் கணவர். வேட்டி வாங்கி அனுப்ப வேண்டும் என்கிறார் தாயார். எழுதியவர் ஆணா பெண்ணா என்று நான் கேட்டதற்கு, அப்படியானால் சேலையும் சேர்த்து அனுப்பு என்றார். அவருடைய ஊர்கூட எனக்குத் தெரியாது. படம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு தென்னைமரம் இருக்கிறது. இப்படிப்பட்டவருக்கு முறையாக நன்றி செலுத்துவது எப்படி? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.


மடத்தடியான் எழுதியது:

பிள்ளை, உங்கள் கேள்வி புதிதாகத் தோன்றினாலும் நம் ஊருக்கு மிகவும் பழையது. நான் வசிக்கும் சந்திக்கு மடத்தடி என்று பெயர் வந்ததே, வழிப்போக்கர் தங்கிச் சென்ற மடத்தால்தான் என்று என் பாட்டனார் சொல்வார். மடத்தில் தங்கியவர், அதைக் கட்டியவரைத் தேடிப்போய் நன்றி சொல்வதில்லை. கட்டியவர் பெரும்பாலும் இறந்து போயிருப்பார். புறப்படும் காலையில் பானையைக் கழுவிக் கவிழ்த்து, தண்ணீர்க் குடத்தை நிரப்பிவைத்து, முடிந்தால் நாலு விறகையும் பொறுக்கிப் போட்டுவிட்டுப் போவார்கள்.

இன்னொன்றையும் நான் கண்ணால் கண்டிருக்கிறேன். தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமத்துக்கு நடந்து செல்லும் அடியார்கள் ஆண்டுதோறும் முல்லைத்தீவு கடந்து திருகோணமலை வழியாகத்தான் வெருகலுக்கும் மட்டக்களப்புக்கும் போகிறார்கள். எங்கள் வீட்டுத் திண்ணையில் ஒரு முறை இரண்டு குழுக்கள் ஒன்றாகத் தங்கின. முதல் முறை நடப்பவர்களை உட்கார்த்திவைத்து, பலமுறை நடந்த ஒரு மூதாட்டி வழி சொன்னார்: எந்தக் கிணறு இந்த வருடம் வற்றிவிட்டது, எந்த ஊரில் பகலில் நடக்கக் கூடாது, உகந்தை தாண்டிக் காட்டுக்குள் இறங்கும்போது அரிசி எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று விரல்விட்டு எண்ணினார். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் நூறு ரூபாய்த் தாளை எடுத்து நீட்டினார். மூதாட்டி அதை வாங்கவில்லை, திட்டவும் இல்லை. நீ போகும்போது நான் சொன்ன கிணற்றில் தண்ணீர் இருந்தால், பின்னால் வருகிறவனிடம் ஒரு சொல் சொல்லிவிடு, நான் வற்றியது என்று சொல்லிவிட்டேன் அல்லவா என்றார்.

ஆகவே அந்தத் தென்னைமரத்துக்காரரிடம், அவர் எழுதியதில் எது அப்படியே இருந்தது, எது மாறியிருந்தது என்று எழுதுங்கள். வேட்டி அவருக்குப் போய்ச் சேராது. இது போய்ச் சேரும். அவரிடம் போகாவிட்டாலும் அடுத்தவரிடம் போகும்.


சில்லறைக் கணக்கு எழுதியது:

பணம் அனுப்புவது பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனெனில் என் தொழில் அதுதான். எழுதியவர் இந்தியாவில் இருந்தால், இங்கிருந்து அவருக்குச் சிறு தொகை அனுப்புவது நீங்கள் நினைப்பதைவிடக் கடினம். 2024 பெப்ரவரியில் இலங்கைக்கு யூபிஐ, அதாவது கைப்பேசி வழியாகப் பணம் செலுத்தும் இந்திய முறை, வந்ததே என்று பலர் கேட்கிறார்கள். அது அங்கிருந்து வருகிறவர் நம் கடைகளில் செலுத்துவதற்கான ஏற்பாடு, நாம் அவர்களுக்கு அனுப்புவதற்கானது அல்ல. வங்கி வழியாக அனுப்பினால், ஆயிரம் இரண்டாயிரம் ரூபாய்க்குரிய அன்பளிப்பில் பெரும்பகுதியைக் கட்டணமே விழுங்கிவிடும். உள்ளூர்க்காரர் என்றால் கைப்பேசிக்கு ரீலோட் போடும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. ஆனால் அதற்கு அவருடைய எண் வேண்டும், எண்ணைக் கேட்டவுடன் எதிரே இருப்பவர் உங்களை மோசடிக்காரர் என்று நினைக்க நியாயம் உண்டு. வங்கிக் கணக்கு எண்ணைக் கேட்பது அதைவிட மோசம்.

பணத்தை விட்டுவிடுங்கள். எழுதியவர் தாமாகவே எங்கேயாவது ஒரு நன்கொடை வழியைக் குறிப்பிட்டிருந்தால் அப்போது பார்க்கலாம்.


நிலாவெளிக் கரை எழுதியது:

அக்கா, நான் குறிப்பு எழுதும் பக்கத்தில் இருப்பவன் என்பதால் சற்று நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். என் தந்தையார் நிலாவெளியில் படகு ஓட்டுகிறார். புறாத்தீவு கரையிலிருந்து ஒரு கிலோமீற்றர் தூரம்தான். 2003இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டதால் அங்கே இறங்குவதற்கு வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதிச்சீட்டு வேண்டும், படகுக் கட்டணம் தனி. படகை ஆள் கணக்கில் அல்ல, படகுக் கணக்கில்தான் பேசுகிறோம். ஆகவே இருவராக வருபவர்கள் காலை ஏழு மணிக்குக் கரையில் கொஞ்சம் காத்திருந்து வேறொரு குடும்பத்துடன் சேர்ந்துகொண்டால் செலவு பாதியாகும். இதை நான் எழுதினேன். எழுதுவது தந்தையாருக்கு முதலில் பிடிக்கவில்லை, பிறகு நிறைந்த படகுதான் தனக்கும் நல்லது என்று அவரே ஒத்துக்கொண்டார்.

அந்தக் குறிப்பை எழுதியது 2022 தை மாதம். அப்போது 92 ஒக்ரேன் பெற்றோல் லீற்றர் 177 ரூபாய், அதை வைத்துப் படகுக்கு இவ்வளவு கேட்பார்கள் என்று ஒரு தொகையையும் போட்டிருந்தேன். அதே ஆண்டு ஜூன் இறுதியில் பெற்றோல் 470 ரூபாய் ஆயிற்று. அதுவும் வரிசையில் நின்றால்தான். ஆனால் என் குறிப்பில் பழைய தொகை அப்படியே கிடந்தது. வந்தவர்கள் கைப்பேசியில் அதைத் திறந்து என் தந்தையாரின் முகத்துக்கு நேரே நீட்டி, இவ்வளவுதான் என்று இங்கே எழுதியிருக்கிறது, நீங்கள் ஏமாற்றுகிறீர்கள் என்று சண்டை பிடித்தார்கள். எழுதியவன் அவருடைய மகன் என்பது அவர்களுக்குத் தெரியாது. அன்று மாலை அவர் ஒன்றும் பேசாமல், மீன் குழம்புச் சட்டியை என் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டுப் படுத்துக்கொண்டார். நான் குறிப்பைத் திருத்துவதற்குள் அந்தப் பழைய தொகை வேறு எத்தனையோ இடங்களுக்குப் பிரதியாகிப் போயிருந்தது, அங்கெல்லாம் திருத்த எனக்கு வழி இல்லை.

எனவே எனக்கு யாராவது நன்றி சொல்ல விரும்பினால் எது வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சென்ற வருடம் ஒரு பெண்மணி, தாம் எந்தத் தேதியில் வந்தார், எத்தனை பேர், படகுக்கும் சீட்டுக்கும் தனித்தனியே எவ்வளவு கொடுத்தார், எத்தனை மணிக்குக் கரையில் கூட்டம் சேர்ந்தது என்று ஐந்து வரி எழுதினார். நன்றி என்ற சொல் அதில் எங்கேயும் இல்லை. நான் அதைத்தான் குறிப்பின் தலையில் ஒட்டிவைத்திருக்கிறேன்.

எனக்குக் கிடைத்த மற்ற நன்றிகளையும் சொல்லிவிடுகிறேன். ஒருவர் அன்பு மிகுதியால், உதவி வேண்டுவோர் இவரை அழையுங்கள் என்று என் தொலைபேசி எண்ணைப் பொது இடத்தில் எழுதிவிட்டார். இரவு பன்னிரண்டு மணிக்கு ஹபரணையில் யானை வருமா என்று கேட்டு அழைப்பு வந்தது. இன்னொருவர் நான் எழுதியதை வரிக்கு வரி வாசித்துக் காணொளி செய்து, தாமே கண்டுபிடித்த இரகசியம் என்று தலைப்பிட்டார். வேறொருவர் பத்துப் பந்தியில் என்னைப் புகழ்ந்துவிட்டு, பதினோராவது பந்தியில் தம் குடும்பத்துக்கு ஒன்பது நாள் பயணத்திட்டம் போட்டுத் தரச் சொன்னார். உங்களுடையவருக்கு இவற்றில் எதையும் செய்துவிடாதீர்கள். அவர் தென்னைமரத்தின் பின்னால் நிற்க விரும்பினால் அங்கேயே நிற்கட்டும்.

ஒரு விண்ணப்பமும் உண்டு. புறாத்தீவுக்கு மலிவாக வரும் வழியை நான் சொல்லிக்கொடுத்துத்தான் கூட்டம் கூடியது என்ற குற்ற உணர்வு எனக்கு இருக்கிறது. கரையோரத் தண்ணீரில் பவளப்பாறை மேல் ஏறி நின்று படம் எடுக்கிறார்கள். என் குறிப்பால் யாருக்காவது ஐயாயிரம் ரூபாய் மிச்சமாகி, அவர் எனக்கு ஏதேனும் செய்ய நினைத்தால், அந்தப் பாறையில் கால் வைக்காமல் இருந்தால் போதும்.


பயணச்சீட்டுக் கடை எழுதியது:

எல்லோரும் இலவசமாகச் சொல்பவர்களைப் புகழ்ந்துகொண்டிருக்கும் இடத்தில் நான் வேறு ஒன்றைச் சொன்னால் கோபிக்க வேண்டாம். திருகோணமலையில் பல ஆண்டுகளாகப் பயண முகவராக இருக்கிறேன். உவர்மலைச் சகோதரி விசாரித்த இடங்களில் என் கடையும் ஒன்றாக இருக்கலாம். கப்பல் வழி எங்களுக்கும் தெரியும். ஆனால் நாள் தவறக் கூடாத விழாவுக்கு, காற்றைப் பொறுத்து நிற்கும் கப்பலை நான் பரிந்துரைத்து, அது நின்றால், அடுத்த நாள் என் கடை வாசலில் யார் நிற்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். இணையத்தில் எழுதுபவர் தவறினால் அவரைத் தேடிப் போக முடியாது. என் விலையில் அந்தப் பொறுப்பும் அடங்கியிருக்கிறது.

மற்றபடி, நன்றி சொல்லும் முன் ஒன்றைக் கவனியுங்கள். சில குறிப்புகளில் விடுதி, விமானம் என்று சுட்டிகள் இருக்கும். அதை அழுத்தி நீங்கள் முன்பதிவு செய்தால் எழுதியவருக்கு ஒரு தரகு போகும். அதில் தவறில்லை, நானும் தரகில்தான் சாப்பிடுகிறேன். அதை வெளிப்படையாகச் சொல்லியிருந்தால், உங்களுக்கு அதே விலைதான் என்று பார்த்துக்கொண்டு அந்தச் சுட்டி வழியாகவே முன்பதிவு செய்யுங்கள், அதுவே நன்றி. சொல்லாமல் மறைத்திருந்தால் அவருக்குரிய நன்றியை அவர் ஏற்கெனவே எடுத்துக்கொண்டார்.


உவர்மலை மகள் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. முகவர் ஐயா சொன்னது நியாயம்தான். எங்களைக் காத்தது கப்பல் அல்ல, கையில் வைத்திருந்த இரண்டு நாட்கள். அப்படி நாள் விட முடியாத விடுமுறையில் இருப்பவர் உங்களிடம் வருவதே நல்லது. அந்தக் குறிப்பில் சுட்டி எதுவும் இல்லை என்பதையும் மறுபடி பார்த்து உறுதி செய்துகொண்டேன்.

மடத்தடி ஐயாவின் மறுமொழியை வீட்டில் வாசித்துக் காட்டினேன். தாயார் கேட்டுவிட்டு, நீ எழுதுவதை எழுது, நான் என் வழியில் செய்கிறேன் என்று கடந்த வெள்ளிக்கிழமை கோணேசர் கோயிலுக்குப் புறப்பட்டார். அர்ச்சனைத் தட்டை நீட்டியபோது குருக்கள் வழக்கம்போல யாருடைய பெயருக்கு, என்ன நட்சத்திரம் என்று கேட்டார். பெயர் தெரியாது ஐயா, எங்களுக்குக் கப்பல் வழி சொன்னவர் என்றார் தாயார். குருக்கள் அவரை ஒரு கணம் பார்த்தார். அப்படியானால் சுவாமி பெயருக்கே செய்துவிடலாம் என்று சொல்லிப் பூவை எடுத்துக்கொண்டார். திரும்பி வரும்போது, கோயில் இருக்கும் பிரட்றிக் கோட்டைக்குள் மான் ஒன்று தட்டிலிருந்த வாழைப்பழத்தைத் தோலோடு இழுத்துக்கொண்டது. என் மகனுக்கு அந்த அர்ச்சனையில் நினைவிருப்பது அவ்வளவுதான்.

தாயாருக்கு இது பழக்கம். மயிலாடுதுறையில் நாங்கள் இருவரும் நகரப் பேருந்து ஒன்றில் ஏறினோம். நடத்துநர் காசு வாங்காமல் கட்டணமில்லாச் சீட்டைக் கிழித்துக் கொடுத்தார். சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு அங்கே 2021 முதல் கட்டணம் இல்லை என்பதும் அந்தக் குறிப்பில் இருந்ததுதான். நாங்கள் இந்த ஊரார் இல்லை என்று தாயார் சொல்லிப் பார்த்தார். நடத்துநர் அடுத்த இருக்கைக்குப் போய்விட்டார். கோயிலில் அந்தக் கட்டணத்துக்கு ஈடாகக் கையில் இருந்த நாணயங்களை உண்டியலில் போட்டார். அந்தச் சீட்டு இன்னும் அவருடைய பணப்பையில் இருக்கிறது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நிலாவெளித் தம்பி சொன்னபடி எது மாறியிருந்தது என்று யோசித்தபோதுதான், நான் அவருக்குச் சொல்லாமல் விட்ட ஒரு பெரிய தவறு நினைவுக்கு வந்தது. விழா முடிந்து மதுரைக்குப் போக ரயில் இருக்கையை நூற்றிருபது நாட்களுக்கு முன்பே பதிவு செய்யலாம் என்று அவர் எழுதியிருந்தார். நான் மாசி மாதமே உட்கார்ந்து பல இரவுகள் முயன்றேன், தேதியே திறக்கவில்லை. என் கைப்பேசியில் கோளாறு என்று நினைத்துக் கணவருடையதை வாங்கி முயன்றேன். பிறகுதான் தெரிந்தது, 2024 நவம்பர் 1 முதல் இந்திய ரயில்வே அந்தக் காலத்தை அறுபது நாட்களாகக் குறைத்துவிட்டது. அவர் எழுதியது அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன். அவர்மேல் குற்றமே இல்லை. ஆனால் எனக்குப் பின் அதை வாசித்த எத்தனை பேர் அதே இரவுகளைக் கழித்தார்களோ. நானோ ஒரு கைகூப்புச் சின்னத்தைப் போட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

கீழ்க்கண்டவாறு எழுதலாம் என்று நினைக்கிறேன். அனுப்புவதற்கு முன் பார்த்துச் சொல்லுங்கள்.

"மதிப்புக்குரிய ஐயா அல்லது அம்மா, உங்கள் பொன்னான குறிப்பினால் எங்கள் குடும்பம் அடைந்த நன்மையை வார்த்தைகளால் சொல்லி முடியாது. தாங்கள் பல்லாண்டு வாழ இறைவனை வேண்டுகிறோம். தாங்கள் எந்த ஊர் என்று அறிய ஆவலாக இருக்கிறோம். ரயில் பதிவுக் காலம் மாறியுள்ளது என்பதையும் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறோம்."


நிலாவெளிக் கரை எழுதியது:

அக்கா, முதல் இரண்டு வரிகள் இருக்கட்டும். உள்ளத்திலிருந்து வந்தவை, அவருக்கும் மகிழ்ச்சியாக இருக்கும். ஊரைக் கேட்கும் வரியை எடுத்துவிடுங்கள். ரயில் விஷயத்தைக் கடைசியில் பணிவுடன் ஒளித்துவைக்காமல் தலையில் போடுங்கள், எந்த நாளிலிருந்து என்பதோடு. வாசிப்பவர்களில் பாதிப் பேர் இரண்டாவது வரிக்கு மேல் போவதில்லை. நீங்கள் போன மாதம், ஆண்டு, எத்தனை பேர், குழந்தையின் வயது ஆகியவற்றையும் சேருங்கள். கப்பல் நின்ற செய்தியை விடாதீர்கள். எல்லாம் நன்றாக நடந்தது என்று மட்டும் எழுதினால், அடுத்தவர் இடைவெளி விடாமல் புறப்பட்டுவிடுவார்.


மடத்தடியான் எழுதியது:

தம்பி சொன்னதை ஆமோதிக்கிறேன். பல்லாண்டு வாழ்க என்பதை மட்டும் எடுத்துவிடாதே, பிள்ளை.


உவர்மலை மகள் எழுதியது:

திருத்தி, இன்று காலை அவருடைய குறிப்பின் கீழே இப்படி எழுதியிருக்கிறேன். கப்பல் கட்டணத்தை ரூபாயில் போடவில்லை. அது எங்கள் பயணத்துக்குப் பிறகு மாறியிருக்கலாம் என்பதால், பதிவு செய்யும் நாளில் கேட்டுக்கொள்ளுமாறு எழுதினேன்.

"திருத்தம்: 2024 நவம்பர் 1 முதல் இந்திய ரயிலில் முன்பதிவுக் காலம் அறுபது நாட்கள். மேலே உள்ள நூற்றிருபது நாள் இப்போது இல்லை. வெளிநாட்டுக் கடவுச்சீட்டு உள்ளவர்கள் அயல்நாட்டுச் சுற்றுலாப் பயணிகளுக்கான ஒதுக்கீட்டில் முந்நூற்று அறுபத்தைந்து நாட்களுக்கு முன்பே பதிவு செய்யலாம். அந்த ஒதுக்கீடு எல்லா ரயிலிலும் இல்லை என்பதால் உங்கள் ரயிலில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

நாங்கள் 2025 ஆனியில், பெரியவர் நால்வரும் ஆறு வயதுப் பிள்ளை ஒருவனுமாகத் திருகோணமலையிலிருந்து சென்றோம். யாழ்ப்பாணத்துக்குப் பேருந்தில் போய் அங்கே தங்கினோம். காற்றினால் குறித்த நாளில் கப்பல் புறப்படவில்லை; மறுநாள் புறப்பட்டது. விழாவுக்கு முன் இரண்டு நாட்கள் விட்டுவைக்கும்படி நீங்கள் எழுதியிருந்ததால் மட்டுமே நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். இருக்கை பற்றி நீங்கள் சொன்னது சரி: நடுவில் அமர்ந்த தாயாருக்கு ஒன்றும் இல்லை, முன்பக்கம் கடல் பார்க்கப் போன என் கணவர்தான் வாந்தி எடுத்தார். நாகபட்டினத்திலிருந்து திருக்கடையூருக்குக் காரைக்காலில் ஒரு முறை பேருந்து மாறினோம். சாமான்கள் அதிகம் என்றால் இந்த இடத்தில் ஒரு காரை அமர்த்திக்கொள்வது நல்லது, தாம்பூலப் பெட்டியோடு மாறி ஏறுவது சிரமமாக இருந்தது.

பல்லாண்டு வாழ்க.

நாங்கள் பார்க்காமல் விட்டது ஒன்று: திருக்கடையூரிலிருந்து கப்பலுக்கு நேரத்தோடு போய்ச் சேரக்கூடிய முதல் பேருந்து விடிகாலை எத்தனை மணிக்கு? நாங்கள் மதுரையிலிருந்து முதல் நாளே நாகபட்டினம் திரும்பிவிட்டதால் அது தேவைப்படவில்லை. தெரிந்தவர் இதன் கீழே எழுதிவிடுங்கள்."